என் தலை சொன்ன பொய்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவுக்கு வந்து எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்தில் ஒரு சின்னப் பிளாசாவில் இருந்த லோண்ட்ரிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆட்கள் பையில் கொண்டுவந்து விட்டுப்போகும் உடுப்புகளைத் தோய்த்து, காயவைத்து, மடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஊரில் இருந்தபோது என் சட்டையையே அம்மாதான் மடித்து வைப்பார். இங்கே வந்து ஊர்பேர் தெரியாதவர்களின் காற்சட்டைகளை மடித்தேன். கனடா வாழ்க்கை என்றால் சும்மாவா!

அந்தக் காலத்தில் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். தொலைபேசி மணி அடித்தால் பயம், எடுத்தால் ஆங்கிலம் பேசுவார்களே என்று. கடைத்தொகுதியில் ஓடும் படியில் கால் வைக்கப் பயம். பொலிஸ் காரின் சைரன் தூரத்தில் கேட்டாலே கிட்ட இருக்கும் கடைக்குள் நுழைந்துவிடுவேன். எங்கள் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. பொலிசில் பெயர் அடிபட்டால் வழக்குப் போச்சு, நேரே கொழும்புக்குத்தான் விமானம் என்று எங்கள் ஆட்கள் சொல்லுவார்கள். உண்மையா பொய்யா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்கவும் பயம்தான்.

கடைக்கு மேலே ஒரு மண்டபம் இருந்தது. சனிக்கிழமைகளில் அதில் கறுப்பினக் கலைஞர்கள் கொஞ்சப்பேர் கூடுவார்கள். மேளம் அடிப்பார்கள், ஒரு பெண் கணீரென்று கவிதை சொல்லுவாள். மேளம் தொடங்கினால் எங்கள் கடைக் கூரையில் இருக்கும் விளக்குகள் அதிரும். கடை முதலாளி எங்கள் ஊர்க்காரர், எனக்கு முன்பே வந்து காலூன்றியவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். குளிருக்குப் போட எனக்கு முதல் சப்பாத்து வாங்கித் தந்தவரே அவர்தான். ஆனால் மேலே மேளம் கேட்டதும், "உவங்கள் கீழை இறங்கி வந்தா காசு லாச்சியைப் பூட்டும்" என்பார். கறுப்பின மக்களைக் குறிக்க அப்போது எங்கள் ஆட்களிடம் ஒரு சொல் இருந்தது. எல்லோரும் பாவித்தார்கள், நானும்தான். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

அவர்களில் ஓவியர் ஒருவர் இருந்தார். நல்ல உயரம், தோள்வரை தொங்கும் சடைப் பின்னல்கள், நகக்கண்ணெல்லாம் சாயம். பழைய பெட்ஷீற்றுகளை எங்கிருந்தோ சேகரித்து எங்கள் கடையில் தோய்க்கக் கொண்டுவருவார். அவர் உள்ளே வந்தால் நான் மேசைக்கு அந்தப் பக்கமாகவே நிற்பேன். ஒருநாள் ஒரு பெட்ஷீற்றை என் மேசையில் விரித்தார். அதில் ஒரு பையனின் முகம், மேசை கொள்ளாத அளவில். அலறிவிட்டேன். அவர் சிரித்தார், பிறகு மன்னிப்புக் கேட்டார். பொலிஸ்காரர் சுட்டு இறந்த கறுப்பினப் பையன்களின் முகங்களை இப்படி வரைவதாகவும், அவற்றைத் தொங்கவிட்டு ஒரு நிகழ்ச்சி செய்யப்போவதாகவும் சொன்னார். எனக்கு அரைவாசிதான் விளங்கியது. பொலிஸ், பையன், சுட்டது. இந்த மூன்றும் எந்த மொழியில் சொன்னாலும் எங்களுக்கு விளங்கும்.

விளங்கியதும் என் பயம் குறையவில்லை, கூடியது. ஊரில் யாராவது சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் மறுநாள் அந்த ஒழுங்கை முழுவதும் ஆமி நிற்கும். ஒட்டியவன் ஓடிவிடுவான், ஓடாதவன் அடிவாங்குவான். இவர்களோ முகத்தையே வரைந்து தொங்கவிடப் போகிறார்களாம். வீட்டுக்கு வந்து இவரிடம், அதாவது என் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சேரும், நீர் அவையளோடை நிண்டு கதைக்காதையும். எங்கடை கேஸ் முடியட்டும்," என்றார் இவர். நானும் தலையாட்டினேன்.

அது ஒரு மாசி மாதச் சனிக்கிழமை. காலையில் அஜின்கோர்ட்டில் ஒரு கலியாண வீடு. அங்கே சாப்பிட்டுவிட்டு, சேலையை மாற்றி, நேராக வேலைக்கு வந்துவிட்டேன். தாலிக்கொடியைக் கழற்றி வைக்க நேரமில்லை. எங்கள் கொடிதான் தெரியுமே, கயிறு மாதிரித் தடிப்பு. ஸ்வெற்றருக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். மத்தியானம் தாண்டியிருக்கும், நடைபாதை உறைந்து கண்ணாடியாகக் கிடக்கிறது, பனி உருக உப்புப் போடும் என்றார் முதலாளி. உப்பு வாளியோடு வெளியே வந்து குனிந்தேன். குனிந்தபோது கொடி வெளியே விழுந்திருக்க வேண்டும்.

பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் கழுத்தை யாரோ வெட்டியது போல இருந்தது. முகம் குப்புற விழுந்தேன். தலையை நிமிர்த்தியபோது ஒரு கறுப்பு யக்கெற்றின் முதுகு மட்டும் பிளாசாவின் மூலையில் திரும்பி மறைந்தது. தலையில் தொப்பி, கையில் கையுறை. வெள்ளையனா, கறுப்பனா, எங்கள் ஆளா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

உள்ளே ஓடிவந்தேன். கழுத்தில் கை வைத்தால் இரத்தம் பிசுபிசுத்தது. முதலாளி பதறிப்போய் என்ன என்ன என்று கேட்டார். எனக்கு மூச்சு வரவில்லை. "கறுப்பு... கறுப்பு..." என்றுதான் முதலில் வந்தது. "கறுப்பு யக்கெற் அண்ணை. கொடியை அறுத்துக்கொண்டு ஓடிட்டான்." அவர் பொலிசுக்கு அழைத்தார். "பிளாக், பிளாக் காய்" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. பிளாக் என்றால் கறுப்பு. யக்கெற் கறுப்புத்தானே, சரியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். என் ஆங்கிலம் அந்த இடத்தோடு சரி.

பொலிஸ் சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டு கார்கள். ஒன்று பிளாசாவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. மற்றதில் வந்தவர் நடுத்தர வயதுக்காரர், மரியாதையான மனிதர். கழுத்துக்குத் துடைக்கக் கடதாசி தந்தார். உனக்கு ஒன்றும் நடக்காது, காருக்குள் வந்து இரு, சூடாக இருக்கும் என்றார். மொழிபெயர்க்க முதலாளியையும் என் பக்கத்தில் ஏற்றினார். கதவு மூடியது. அப்போதுதான் கவனித்தேன், பின் கதவுக்கு உள்ளே பிடி இல்லை. முன் இருக்கைக்கும் எங்களுக்கும் நடுவே கம்பி வலை. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வெளியே உறைபனி, உள்ளே எனக்கு வியர்வை.

கார் பிளாசாவின் மூலையைத் திரும்பி நின்றது. அங்கே மற்றக் காரின் முன்னால் ஒருவரை நிறுத்தி வைத்திருந்தார்கள், இரண்டு பக்கமும் இரண்டு பொலிஸ்காரர்கள். அவருடைய முகம் எங்கள் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. கறுப்பு யக்கெற். தோள்வரை பின்னல்கள். பெட்ஷீற் ஓவியர்தான்! ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்கிறார். கறுப்பு யக்கெற், கறுப்புத் தோல், ஓட்டம். அவர்களுக்கு அது போதும்.

நான் காருக்குள் இருக்கிறேன். அவர் வெளியே நிற்கிறார். இதை எங்கேயோ கண்டிருக்கிறேன் என்று உடம்புக்குத் தெரிந்தது, மூளைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

ஊரில் அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆமி ஊரைச் சுற்றிவளைக்கும். ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூப்பிட்டு வரிசையில் விடும். வரிசை ஒரு ஜீப்பைக் கடந்து போகவேண்டும். ஜீப்புக்குள் ஒருவன் இருப்பான், தலையில் சாக்கு, சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் வாய் திறக்கமாட்டான். நீங்கள் முன்னால் போகும்போது அவன் தலையை ஆட்டினால் உங்களைத் தனியே இழுத்துவிடுவார்கள். அவனுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் தலையாட்டி. என் அண்ணா வாசிகசாலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதர், வேறு எந்தச் சோலிக்கும் போகாதவர். அவர் ஜீப்பைக் கடந்தபோது அந்தத் தலை ஆடியது. மதில் ஓரம் நின்ற பெண்களோடு நின்று நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அண்ணாவை நாங்கள் காணவில்லை.

இதெல்லாம் நெஞ்சில் குமுறிக்கொண்டிருக்க, முன்னால் இருந்த பொலிஸ்காரர் திரும்பி ஏதோ நீளமாகச் சொன்னார். கையால் வெளியே காட்டினார். என் காதில் விழுந்தது ஒன்றும் மண்டைக்குள் போகவில்லை. ஒருவர் பேசினால் நாங்கள் எப்படிக் கேட்போம்? தலையை ஒரு பக்கம் சாய்த்து, மெல்ல ஆட்டி, 'ம், சொல்லுங்கோ' என்போம். சம்மதம் என்பதற்காக அல்ல, கேட்கிறேன் என்பதற்காக. மரியாதை அது. கடவுளே, முதலாளி தமிழில் சொல்லுமுன்பே அந்த மரியாதையைத்தான் நான் செய்தேன்.

அவர் "ஓகே" என்றார். றேடியோவில் ஏதோ சொன்னார். வெளியே நின்றவர்கள் ஓவியரைத் திருப்பி, காரின் முன்பக்கத்தில் கவிழ்த்து, கையைப் பின்னால் முறுக்கி விலங்கு போட்டார்கள். அவருடைய கன்னம் இரும்பில் அழுந்தியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தேன்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "சரி, அலுவல் முடிஞ்சுது."

"என்ன அண்ணை முடிஞ்சுது?"

"அவன்தான் எண்டு நீர் தலையாட்டினீர்தானே."

தலையாட்டினீர். எந்தச் சொல்லைக் கேட்டால் என் வீட்டில் அம்மா சாப்பாட்டை விட்டு எழும்புவாரோ, அந்தச் சொல் இப்போது என் மேலே வந்து இருக்கிறது.

"நான் ஆட்டேல்லை! அது அவரில்லை அண்ணை. அது எங்கடை கடைக்கு வாற ஆளெல்லே. நான் முகத்தைக் காணவே இல்லை. சொல்லுங்கோ அண்ணை, அவருக்குச் சொல்லுங்கோ!"

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, கொஞ்சம் யோசியும். ஓம் எண்டு சொல்லிப்போட்டு இப்ப இல்லை எண்டால், பொய்க்காரி எண்டு எழுதிப்போடுவாங்கள். உம்மடை கேஸ் இன்னும் முடியேல்லை. அவன் செய்யேல்லை எண்டால் கோர்ட்டிலை விடுவாங்கள்தானே. பேசாமல் இரும்."

நான் பேசாமல் இருந்தேன். ஓம், இருந்தேன். நாடு கடத்தும் கடிதம், கட்டுநாயக்க விமான நிலையம், அங்கே காத்து நிற்கும் சீருடைகள், என் கணவரின் முகம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துபோயின.

அப்போது மேலே மண்டபத்தின் படிக்கதவு திறந்தது. மேளக்காரர்கள், பாட்டுக்காரர்கள் எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஒத்திகையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு பெட்ஷீற்றை உடம்புக்கு முன்னால் பிடித்தபடி. தூரத்திலிருந்து பார்க்க, பெரிய பெரிய முகங்கள் காலில் நடந்து வருவது போல இருந்தது. எல்லாம் இறந்துபோன பையன்கள். ஒருவர் மட்டும் மேளத்தைத் தோளில் மாட்டியிருந்தார். கவிதை சொல்லும் அந்தப் பெண் முன்னால் வந்தாள். குள்ளமான பெண், சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. அவள் பொலிசைத் திட்டவில்லை. ஒரே ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவனுடைய பெயரைக் கேளுங்கள். அவனுடைய பெயரைக் கேளுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் மேளத்தில் ஒரு அடி விழுந்தது. கண்ணாடி மூடியிருந்தும் அது என் நெஞ்சுக்குள் கேட்டது.

பொலிஸ்காரர்கள் பின்னால் போங்கள் என்று கத்தினார்கள். ஒருவரின் கை இடுப்புக்குப் போனது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேளக்காரரைத் தவிர, வருகிற அத்தனை பேரின் கைகளும் பெட்ஷீற்றுகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன. கை தெரியாத ஆளைக் கண்டால் துவக்குக்காரன் என்ன செய்வான் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓவியருக்கும் விளங்கியிருந்தது. காரில் கன்னம் அழுந்தியபடியே, கைகளைக் காட்டுங்கள், கைகளைக் காட்டுங்கள் என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார். மேளச் சத்தத்தில் அவர்களுக்கு அது கேட்கவில்லை.

இப்போது யாராவது செத்தால் அது என் தலையால்தான்.

இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்தேன். கதவைக் காலால் உதைத்தேன். கனடா பொலிசின் காரை உதைக்கிறேன் என்று அந்த நேரம் யோசிக்கவில்லை. பொலிஸ்காரர் திடுக்கிட்டு இறங்கி வந்து கதவைத் திறக்க, நான் அப்படியே பனியில் முழங்காலில் விழுந்தேன். எழும்பியதும் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினேன். "நோ! நொட் ஹிம்! யக்கெற் பிளாக்! மான் ஐ நோ சீ! நொட் ஹிம்!"

என் கூச்சலில் மேளம் நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிசப்தத்தில் ஓவியர் இன்னொரு தடவை கத்தினார். இந்த முறை அவர்களுக்குக் கேட்டது. கவிதை சொன்ன பெண் தன் பெட்ஷீற்றை மெதுவாக, மிக மெதுவாக, தலைக்கு மேலே உயர்த்தினாள். இரண்டு கைகளும் தெரிந்தன. மற்றவர்களும் உயர்த்தினார்கள். பையன்களின் முகங்கள் எல்லாம் மேலே போய் நின்றன, கீழே உயிரோடு இருப்பவர்களின் முகங்கள் வெளியே வந்தன. அவள் மறுபடியும் தொடங்கினாள். மேளம் இல்லாமல், அதே வரியை, பேசும் குரலில் சொன்னாள். அவளுடைய முழங்கால் நடுங்கியதைக் கண்டேன். எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தேனே, என்ன மடைச்சி நான்! அவர்கள் எல்லோருக்கும் என்னைவிடக் கூடப் பயம். அந்தப் பயத்தோடுதான் படி இறங்கி வந்திருக்கிறார்கள்.

பொலிஸ்காரரின் முகம் சிவந்திருந்தது. நீ ஆம் என்று தலையாட்டினாயே என்றார். எங்கள் தலையாட்டலை அவருக்கு ஆங்கிலத்தில் எப்படி விளங்கப்படுத்துவது? இன்னொரு தடவை ஆட்டிக் காட்டினேன். "திஸ் நொட் யெஸ். திஸ் லிசின்." அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு குனிந்து, அவர்களுக்குப் பயந்து மாற்றிச் சொல்கிறாயா, பயப்படாதே, நாங்கள் பாதுகாப்பு என்றார். கரிசனையோடுதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐ நோ ஸ்கேர்ட் தெம். ஐ ஸ்கேர்ட் யூ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. முடிந்தது என் கதை, கேஸும் போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது காருக்குள்ளிருந்து முதலாளி இறங்கி வந்தார். பொலிஸ்காரருக்கு முன்னால் நின்று, இந்தப் பிள்ளை சொன்னது கறுப்பு யக்கெற், கறுப்பு ஆள் என்று சொன்னது நான், பிழை என்னுடையது என்றார். அவர் ஆங்கிலத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த மனிதரைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஆயிரம் குறை உண்டு. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

விலங்கைக் கழற்றுவதற்கு நெடுநேரம் எடுத்தார்கள். றேடியோவில் கதைத்தார்கள், ஓவியரின் பைகளைத் துழாவினார்கள், சாயத் தூரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் விட்டார்கள். ஒரு மன்னிப்பு, ஒரு சொல் இல்லை. கார்கள் போய்விட்டன. ஓவியர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று எனக்குள் ஒரு நப்பாசை. எதற்கு நன்றி, நெருப்பு வைத்தவளே தண்ணீர் ஊற்றியதற்கா? அவர் திரும்பிப் படி ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். என் கழுத்துக் காயத்துக்கு மருந்து போட்டார். "கொடி போனால் போகட்டும். நீர் செய்தது சரி," என்றார். ஆனால் அதன்பிறகு கடிதப்பெட்டியைத் திறக்க ஒருவரை ஒருவர் அனுப்பப் பார்த்தோம். அரசாங்கத்தின் பழுப்புக் கடித உறையைக் கண்டால் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகுதான் பிரிப்போம். நல்லகாலம், நாங்கள் பயந்த கடிதம் வரவில்லை. வழக்கும் பிறகு எங்களுக்குச் சரியாக முடிந்தது. தாலிக்கொடி மட்டும் கிடைக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை கவிதை சொன்ன பெண் கடைக்கு வந்தாள். தோய்க்க ஒன்றும் கொண்டுவரவில்லை. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, ஏன் கண்ணாடியில் அடித்தாய் என்று நேராகக் கேட்டாள். தெரிந்த சொற்களாலும் கையாலும் அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். சாக்கு என்பதற்கு ஆங்கிலம் தெரியவில்லை. ஒரு தலையணை உறையை எடுத்து என் தலையில் போட்டு, கண் இருக்கும் இடத்தில் இரண்டு விரலை வைத்துக் காட்டினேன். உறையைக் கழற்றியபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். நிகழ்ச்சிக்கு வா என்றாள்.

போகத்தான் வேண்டுமா என்று இவர் கேட்டார். போனோம். மண்டபத்தின் கடைசி வரிசையில், கதவுக்குக் கிட்டவாக இருந்தோம், ஏதாவது நடந்தால் ஓடலாம் என்று. பெட்ஷீற்றுகள் கூரையிலிருந்து தொங்கின. மேளம் அடித்தார்கள். ஒரு தாய் எழும்பி வந்து, தொங்கிய ஒரு முகத்துக்குக் கீழே நின்று தன் மகனுக்குப் பிடித்த சாப்பாடுகளைச் சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு முழுதாக விளங்கியது. என் அம்மாவும் வெள்ளிக்கிழமைகளில் அண்ணாவுக்காக ஒரு தட்டில் போட்டு வைப்பார்.

முடிந்த பிறகு ஓவியர் எங்களிடம் வந்தார். தன் பெயரைச் சொன்னார். என் பெயரைக் கேட்டார், சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சின்னச் சின்னச் சொற்களாகச் சொன்னார். அன்றைக்கு நீ வெளியே வரும்வரை உள்ளே இருந்தது நீ என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியில் மூச்சு ஆவி படிந்திருந்தது. முகம் தெரியவில்லை. ஒரு தலை ஆடியது மட்டும்தான் தெரிந்தது. இனி என் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தேன்.

கோபத்தோடு சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார். அவ்வளவுதான். மதில் ஓரத்தில் நின்று நான் பார்த்ததைத்தான் அவரும் பார்த்திருக்கிறார். அண்ணாவும் அதைத்தான் பார்த்திருப்பார்.

அதற்கு முந்தியெல்லாம் சாமி கும்பிடும்போது அந்தத் தலையாட்டியைச் சபிக்காமல் நான் கையை இறக்கியதில்லை. அவன் யார், எவன் பெற்ற பிள்ளை, என்ன கிடைத்தது அவனுக்கு என்று கேட்டுக் கேட்டுச் சபிப்பேன். அந்த மண்டபத்திலிருந்து வந்த பிறகு சாபம் பாதியில் நின்றுவிடுகிறது. சாக்குக்குள் அவன் எப்படி இருந்திருப்பான், அவன் முதுகில் யார் துவக்கை வைத்திருந்தார்கள் என்று மனது கேட்கத் தொடங்கிவிடும். அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க எனக்கு என்ன உரிமை, அது அண்ணா செய்யவேண்டிய காரியம். ஆனால் பயந்த தலை ஒன்று ஆடும்போது, வெளியே நிற்கிற மனிதனுக்கு அது பயத்தில் ஆடுகிறதா பகையில் ஆடுகிறதா என்று தெரியப்போவதில்லை. அதனால்தான் இன்றைக்கும் எவ்வளவு பயந்தாலும், பிழையான ஆங்கிலத்திலாவது, நான் வாயைத் திறந்துவிடுகிறேன்.